இடப்பக்கத்துக் காலடி

லத்தீப் பாயின் கம்ப்யூட்டர் கேம்ஸ் சென்டரில் ஏஞ்சலினுக்கு இருந்த மதிப்பு முழுவதும் அவள் காதுகளால் வந்தது. குறிபார்த்துச் சுடுவதில் அவளைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே நாலைந்து பேர் உண்டு. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் எதிரி நடந்து வரும் சத்தத்தைக் கேட்டு, அவன் தலை தெரிவதற்கு முன்பே, “படிக்கட்டுல ஒருத்தன், இடப்பக்கமா ஏறுறான்” என்று சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடிந்தது. அவள் சொல்வாள், தம்பி இனிகோ திரும்பிச் சுடுவான். ஆட்டம் முடியும்வரை அவன் வாயே திறக்க மாட்டான். அக்கா சொல்வதைக் கேட்பதும் சுடுவதும்தான் அவன் வேலை.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் மழைக்காலம் அது. ஏஞ்சலினுக்கு இருபத்து மூன்று வயது. நாகல் நகரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைவிட இரண்டு வயது இளையவனான இனிகோ செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த சென்டரின் மாடிப்படி ஏறினால் எட்டு மணிக்குத்தான் இறங்குவார்கள். தம்பி கூட இருக்கிறான் என்பதால் அவர்கள் அப்பா ஆண்டனிராஜ் இதற்கு அரைமனதோடு சம்மதித்திருந்தார். அம்மா செபஸ்தியம்மாள் சம்மதித்ததே இல்லை. “அந்தக் கருமத்தக் காதுல மாட்டிக்கிட்டே திரி. ஒருநாள் ரெண்டு காதும் அவிஞ்சு போகும். அன்னைக்கி என்கிட்ட வந்து நிக்காத” என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். அணிக்கு இரண்டு பேர். கம்ப்யூட்டர் அங்கே இருக்கும், ஹெட்போனை அவரவர் கொண்டுவர வேண்டும். சென்டரில் இருந்தவையோ பஞ்சு கிழிந்து, வயர் அறுந்து, இன்சுலேஷன் டேப் சுற்றிக் கிடந்தன. லத்தீப் பாய் ஒரு முடிவுக்கு வந்தார்.

“நல்ல ஹெட்போனா ரெண்டு வாங்கிருவோம் ஏஞ்சலு. அது நம்ம சென்டர் செலவு. எது வேணும்னு நீயே போட்டுப் பாத்துச் சொல்லு. கேக்கப்போறது உன் காதுதான.”

இதை அவர் சொன்னது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலையில் ஏஞ்சலின் எழுந்தபோது அவளுடைய இடது காதுக்குள் பஞ்சை அடைத்து வைத்தது போல இருந்தது.

முந்தைய வாரம் முழுக்கச் சளி. அந்த அடைப்புதான் என்று நினைத்தாள். கொட்டாவி விட்டுப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். காது திறக்கவில்லை. உள்ளே எங்கோ தூரத்தில் ஒரு மாவு மில் ஓடுவது போல ‘ங்ங்’ என்று ஒரு சத்தம் மட்டும் நிற்காமல் இருந்தது. வகுப்பில் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இரண்டு முறை சந்தேகம் கேட்டும் அவள் திரும்பவில்லை. “மிஸ் கோவமா இருக்காங்க” என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை முதல் ஹெட்போன் வந்தது. கொண்டுவந்தவர் கஸ்பார். மணிக்கூண்டுப் பக்கம் கடை வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுவதுதான் அவருடைய பிரதான தொழில். கூடவே கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களும் விற்றார். மேட்டுப்பட்டி கோயிலில் ஏஞ்சலினைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்.

“இதுதான் இப்ப ரொம்பப் பேரு கேக்குறது. ஒவ்வொரு பக்கமும் உள்ள மூணு குட்டி ஸ்பீக்கர். முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுன்னு தனித்தனியாக் கேக்கும்” என்று சொல்லி, மூன்று நிறத்தில் மூன்று பின்கள் தொங்கிய கனமான சாதனத்தை நீட்டினார்.

ஏஞ்சலின் அதை மாட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். வலப்பக்கம் காலடிச் சத்தம் மணிமணியாகக் கேட்டது. இடப்பக்கம் குண்டு வெடித்தால் ஒரு அதிர்வு தெரிந்தது, அவ்வளவுதான். மூன்றாவது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து வந்த எதிரி ஒருவன் பத்தடி தூரத்தில் நின்று அவளைச் சுட்டான். அவன் நடந்து வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

“இடது பக்கம் சரியில்ல” என்றாள். சொன்னபோது அதை அவள் உண்மையாகவே நம்பினாள்.

கஸ்பார் முகம் சுளிக்கவில்லை. “குட்டி ஸ்பீக்கர் நெறய வச்சா ஒண்ணு மக்கர் பண்ணத்தான் செய்யும். வேற தாரேன்” என்று எடுத்துப் போனார்.

அடுத்தது செவ்வாய்க்கிழமை வந்தது. காதுக்கு ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர் கொண்ட சாதாரண ஸ்டீரியோ. அதோடு கம்ப்யூட்டருக்குள் பொருத்த ஒரு சவுண்ட் கார்டு. திசையையெல்லாம் கார்டே கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுத்துவிடும் என்றார் கஸ்பார். இனிகோ போட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுதான்க்கா. அதிர்ற பேஸ் சத்தம் கம்மி, காலடி தனியாத் தெரியுது” என்றான். அவன் அவ்வளவு பேசியதே அதிசயம். ஏஞ்சலின் போட்டாள். வலப்பக்கம் மணல்மீது நடப்பதும் தகரத்தின்மீது நடப்பதும் வேறு வேறாகக் கேட்டன. இடப்பக்கம் மாவு மில்தான் ஓடியது.

அந்த இடத்திலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒருவேளை புரிந்தும் இருக்கலாம். அன்று வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைக்கடிகாரத்தை வலது காதில் வைத்தாள். டிக் டிக் என்றது. இடது காதில் வைத்தாள். காதோடு ஒட்டி அழுத்தினாள். கண்ணாடியில் முள் நகர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. சத்தம் இல்லை. கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு வெளியே வந்து, அம்மா கொடுத்த தோசையைத் தின்றாள். அம்மாவின் வலப்பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து இடம் மாறி உட்கார்ந்தாள், பேசுவது நல்ல காதில் விழட்டும் என்று.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் அம்மா முதலில் என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். அப்பா எதுவும் கேட்க மாட்டார். சென்டருக்குப் போவது அன்றோடு நின்றுவிடும். அவளுக்கு மட்டுமல்ல, தம்பிக்கும். அதையும் தாண்டி அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. நிஜமாகவே ஹெட்போன் போட்டுப் போட்டு நாமே காதைக் கெடுத்துக்கொண்டோமோ. அப்படியானால் மற்ற காதும் போகுமா, எத்தனை நாளில் போகும். ராகம் போடும் அந்தக் காதை விரலால் பொத்திக்கொண்டே அவள் படுத்துக் கிடந்தாள். நாளை சரியாகிவிடும். சளிதானே. நாளை சரியாகவில்லை. அதற்கு மறுநாளும் சரியாகவில்லை.

இரண்டாவது ஹெட்போனையும் அவள் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவதாக வந்தது காதைச் சுற்றிக் காற்றுப் போகும்படி திறந்த வகை. வெள்ளிக்கிழமை கஸ்பாரே அதோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

“எப்பிடி இருக்கு?”

“இடது பக்கம் கம்மியாத்தாண்ணே இருக்கு.”

“மூணு கம்பெனியும் இடப்பக்கத்துலயே கோட்ட விடுவானா? ஏம்மா, செத்த கழட்டித் திருப்பி மாட்டு. இடது வலதுல, வலது இடதுல. ஹெட்போன்ல குத்தம்னா இப்ப வலப்பக்கம் கம்மியாக் கேக்கணும்.”

ஏஞ்சலின் கழற்றித் திருப்பி மாட்டினாள். கஸ்பார் ஒரு பாட்டை ஓடவிட்டார். வலது காதில் பாட்டு துல்லியமாக நிறைந்தது. இடது காதில் முன்பு போலவே ஒன்றுமில்லை. லத்தீப் பாய் பார்த்துக்கொண்டிருந்தார். இனிகோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாண்ணே. இப்ப வலது கம்மியா இருக்கு” என்றாள்.

கஸ்பார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஹெட்போனை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த வாரக் கடைசியில் பழைய ஹெட்போன்களோடு ஆடிய ஆட்டங்களில் அவர்கள் வரிசையாகத் தோற்றார்கள். கன்னிவாடியிலிருந்து வரும் அஜித்தும் அவன் கூட்டாளியும் இதற்கு முன் இவர்களை ஜெயித்ததே இல்லை. அவர்களிடம் ஒரே சாயங்காலத்தில் ஐந்து முறை தோற்றார்கள். ஏஞ்சலின் “வலது” என்று சொன்ன இடத்திலெல்லாம் எதிரி இடப்பக்கமிருந்து வந்தான். அவளுக்குச் சத்தம் ஒரு காதில்தான் விழுந்தது. அதனால் உலகத்தில் உள்ள எல்லாச் சத்தமும் வலப்பக்கமிருந்தே வந்தது. கடைசி ஆட்டத்தில் இனிகோ திரும்பிப் பார்த்தான்.

“என்னக்கா ஆச்சு ஒனக்கு? வேணும்னே சொல்றியா?”

“ஹெட்போன் சரியில்லடா.”

“எனக்குச் சரியாத்தான இருக்கு.”

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கீழே போய் நின்றுகொண்டான்.

செவ்வாய்க்கிழமை, காது அடைத்த பன்னிரண்டாவது நாள், கஸ்பார் மறுபடி வந்தார். இந்த முறை அட்டைப் பெட்டிகளோடு. சென்டரின் ஒரு மூலையை மறைத்துத் தனி அறை போல ஆக்கி, சுற்றிலும் ஸ்பீக்கர் வைக்கலாம் என்று லத்தீப் பாய்க்கு ஓர் எண்ணம். ஐந்து சின்ன ஸ்பீக்கர், தரையில் அதிர்வுக்கு ஒரு பெரிய ஊஃபர். முன்னால் மூன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு. கஸ்பார் ஸ்டூல்மீது ஏறி நின்று பின்பக்க ஸ்பீக்கர்களை ஆணியில் மாட்டினார். “காதுக்கு நேரா வைக்கக் கூடாது பாய். ஒரு அடி ஒசத்தி வச்சாத்தான் சத்தம் பின்னாடி பிரியும்” என்று சொல்லிக்கொண்டே வயரை இழுத்தார். நடுவில் நாலு நாற்காலி போட்டு லத்தீப் பாய், இனிகோ, அஜித், ஏஞ்சலின் நால்வரையும் உட்காரச் சொன்னார்.

“கண்ண மூடிக்கங்க. ஒரு ஹெலிகாப்டர் வரும். அது போற பக்கம் கையக் காட்டுங்க.”

ஏஞ்சலின் கண்ணை மூடினாள். ஹெலிகாப்டர் விசிறியின் சத்தம் பலமாக எழுந்தது. முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. சத்தம் கூடுவதும் குறைவதும் மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒரு கண்ணை லேசாகத் திறந்தாள். மூவரும் அவளுக்குப் பின்னால் இருந்தார்கள், பார்க்க முடியவில்லை. வலது தோளுக்குப் பின்னால் கையை நீட்டினாள்.

சத்தம் நின்றது. கண்ணைத் திறந்து திரும்பியபோது மற்ற மூன்று கைகளும் இடது மூலையைக் காட்டிக்கொண்டிருந்தன. அவள் கை மட்டும் வலது மூலையில் இருந்தது. அஜித் சிரித்தான். “ஏஞ்சலக்கா தூங்கிட்டாங்க பாய்” என்றான். லத்தீப் பாயும் சிரித்தார். கஸ்பார் சிரிக்கவில்லை. ஹெலிகாப்டர் வந்த நேரம் முழுவதும் அவர் ஸ்பீக்கரைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் தண்ணீர் குடிக்கப் போவது போலப் படிக்கட்டுக்கு வந்தாள். கஸ்பார் பின்னாலேயே வந்து, சுற்றிக்கொண்டு அவளுடைய வலப்பக்கம் வந்து நின்றார். அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

“எத்தன நாளாம்மா?”

“பன்னெண்டு நாளு.” கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கி மாத்தி மாட்டுனப்ப பொய் சொல்லிட்டேண்ணே.”

“தெரியும். கடைக்கிப் போயி நானே போட்டுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அப்பயே வந்து கேட்ருக்கணும். வயசுப் பிள்ளைட்ட எப்பிடிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன், அது என் தப்பு.” அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். “பண்டிகையில வெடிச் சத்தத்துல எனக்கு ஒரு தடவ காது அடைச்சப்பப் பாத்த டாக்டர் இருக்காரு. ஏழு மணி வரைக்கும் இருப்பாரு. இப்பப் போகணும். நாளைக்கின்னு சொல்லாத.”

“தம்பிக்குத் தெரியாது.”

“நீ சொல்றியா, நான் சொல்லவா?”

அவளே சொன்னாள். இனிகோ கேட்டுவிட்டுக் கீழே போய் வண்டியை எடுத்தான். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் இரண்டு முனையாகப் பிரிந்த ஒரு இரும்புக் கவையைத் தட்டி அவள் நெற்றியில் வைத்தார். காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். பிறகு ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் வேறொரு ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். இடது காதுக்கு முறை வந்தபோது அவள் காத்திருந்தாள். காத்திருந்துகொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது தெரிந்தது. எதைக் கேட்காததற்கு அந்தப் புள்ளி என்று தெரியவில்லை.

“உள்நரம்பு பாதிச்சிருக்கு” என்றார் டாக்டர். “சளிக்குப் பின்னாடி சில பேருக்கு இப்பிடி வரும், வைரஸா இருக்கலாம். மாத்திரை தாரேன். முதல் வாரத்துல வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். இப்பவும் வாய்ப்பு இருக்கு. எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது.”

“ஹெட்போன் போட்டதாலயா சார்?”

“இல்லம்மா. ஆனா இனிமே ஒரு மாசம் அத எடுக்கவே கூடாது. பெரிய சத்தமே ஆகாது.”

வெளியே வந்ததும் இனிகோ வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “மூணு ஹெட்போனத் திருப்பிக் குடுத்த. கஸ்பார் அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“போட்டி இருந்துச்சுல்ல.”

“போட்டி என்னக்கா போட்டி” என்றான். அவன் கோபமாக இருந்தானா அழப்போகிறானா என்று இருட்டில் தெரியவில்லை. “வண்டில ஏறு.”

அம்மா அவள் எதிர்பார்த்ததைத்தான் சொன்னாள். டாக்டர் அதனால் இல்லை என்று சொன்னதை இனிகோ மூன்று முறை எடுத்துச் சொல்லியும் அவள் நம்பவில்லை. ஆனால் மாத்திரைக்கு முன் சாப்பிட வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே இட்லி வேகவைத்தாள். அப்பா காதைப் பற்றிப் பேசவே இல்லை. தான் வேலை பார்த்த ஆத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். ஏஞ்சலினின் கட்டாயத்தால் ஞாயிற்றுக்கிழமை இனிகோ அஜித்தைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனான். முதல் சுற்றிலேயே தோற்று, மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டான்.

மாத்திரையால் அவள் முகம் உப்பியது. ஓயாமல் பசித்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் கடிகாரத்தை இடது காதில் வைத்துப் பார்த்தாள். பத்தாவது நாளோ என்னவோ, குழாயடியில் அம்மா குடத்தைத் தரையில் வைத்த சத்தம் ‘தொம்’ என்று இடப்பக்கத்தில் விழுந்தது. நிஜம்தானா என்று மறுபடி வைக்கச் சொன்னாள். அம்மா ஏன் எதற்கு என்று கேட்காமல் குடத்தைத் தூக்கித் தூக்கி வைத்தாள், தண்ணீர் சிந்தச் சிந்த.

ஜனவரி நடுவில் கடைசிப் பரிசோதனை. கனத்த சத்தங்கள் பாதிக்கு மேல் திரும்பிவிட்டன. கூரிய, மெல்லிய சத்தங்கள் திரும்பவில்லை. கடிகாரம் கேட்காது, காலடி கேட்காது. இதற்கு மேல் மாற்றம் இருக்காது என்றார் டாக்டர். மற்ற காதுக்கு ஒன்றும் ஆகாதே என்று அவள் கேட்டாள். ஆக வாய்ப்பு மிகக் குறைவு என்றார். மிகக் குறைவு என்றால் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தவள் கேட்காமல் எழுந்துவிட்டாள். அந்தக் கேள்வி அவளோடு வெகுநாள் இருந்தது.

அளவாகச் சத்தம் வைத்து ஆடலாம் என்று அனுமதி கிடைத்த பிறகும் அவள் சென்டர் பக்கம் போகவில்லை. இனிகோதான் ஒரு சனிக்கிழமை அவளைக் கஸ்பார் கடைக்குக் கூட்டிப் போனான். கஸ்பார் கண்ணாடி அலமாரியிலிருந்து விலை உயர்ந்த பெட்டிகளை எடுக்கப் போனார்.

“அதெல்லாம் வேணாம்ணே” என்றாள் ஏஞ்சலின். “திச பிரிக்கிறது எனக்கு இனிமே எதுக்கு. இடப்பக்கம் வர்ற சத்தமும் சேந்து வலது காதுல விழணும். அதுக்கு என்ன உண்டு?”

கஸ்பார் சாதாரண ஸ்டீரியோ ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு சின்ன இணைப்பு வயர் பற்றவைத்தார். உள்ளே இரண்டு ரெசிஸ்டர் வைத்து இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே பக்கத்துக்கு அனுப்பினார். “இப்ப ஒண்ணு விடாமக் கேக்கும். எந்தப் பக்கம்னு மட்டும் தெரியாது.”

“அத நான் சொல்றேன்” என்றான் இனிகோ. தனக்கு அவன் தேர்ந்தெடுத்தது மைக் நன்றாக இருந்த ஹெட்போன். ஸ்பீக்கரைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அவள் தம்பிக்குப் பின்னால் மாடிப்படி ஏறினாள். லத்தீப் பாய் எதுவும் விசாரிக்காமல் அவர்களுடைய பழைய இடத்தைக் காட்டினார். முதல் ஆட்டத்தில் அவள் “யாரோ வாரான்” என்றாள். இனிகோ வாயைத் திறந்து மூடினான், சொல்ல வரவில்லை. அதற்குள் இருவரும் செத்தார்கள். இரண்டாவதில் அவன் “லெஃப்ட்” என்று கத்தினான், அவள் திரும்புவதற்குள் காலம் கடந்துவிட்டது. மூன்றாவதில் அவள், “கத்தாதடா, சும்மா பேசு. எங்க இருக்கான், எத்தன பேரு, நடக்குறானா நிக்கிறானா. அம்புட்டுத்தான்” என்றாள்.

நாலாவது ஆட்டத்தில் அவன் பேசத் தொடங்கினான். “இடப்பக்கம். தகரத்து மேல. ஒருத்தன். நின்னுட்டான். இல்ல, வாரான், வாரான்.” அவள் திரும்பிக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் அவளுக்குச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. அவன் சொல்வதை நம்பிச் சுவரின் விளிம்பிலேயே கண்ணை வைத்திருந்தாள். தலை தெரிந்ததும் சுட்டாள்.

அந்த ஆட்டமும் தோல்விதான், ஆனால் நூலிழையில். அதற்கடுத்த இரண்டை ஜெயித்தார்கள். எட்டு மணிக்கு ஹெட்போனைக் கழற்றியபோது இனிகோவுக்குக் குரல் கம்மிவிட்டது. அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

“பாய், ஒரு டீ சொல்லுங்க” என்றான், தொண்டையைத் தடவிக்கொண்டே. “சூடா.”